பன்னிரண்டு மாடி நத்தை

கண்ணாடியக்காவுக்கு எதையும் பின்பக்கத்திலிருந்து பார்த்துத்தான் பழக்கம். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. மருத்துவமனைக் கதவிலும் வக்கீல் ஆபீஸ் ஜன்னலிலும் பேக்கரி முகப்பிலும் பெயர் எழுதுகிறவர்கள் கண்ணாடியின் உள்பக்கம்தான் எழுதுவார்கள். மழையும் தூசியும் துடைக்கிற துணியும் பெயிண்ட்டைத் தொடக் கூடாது. ஆகவே எழுத்தெல்லாம் இடம் வலம் மாறியிருக்க வேண்டும். வேலையின் வரிசையும் தலைகீழ். முகம் வரைவதானால் முதலில் கண்ணில் மின்னும் வெள்ளைப் பொட்டு, அப்புறம் கருவிழி, அதன்மேல் கண், அதற்கும் மேல் முகம். எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு, அகலமான தூரிகையில் பின்னணி நிறத்தை எடுத்து, மேலிருந்து கீழே எல்லாவற்றையும் மூடிப் பூசிவிட வேண்டும். வரைந்த பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் நிறம்தான் தெரியும். சுற்றிப் போய் முன்னால் நின்று பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும். முப்பத்து மூன்று வருஷமாக அவள் செய்துவந்தது இதைத்தான்.

அவள் இடதுகைக்காரி. பள்ளிக்கூடத்தில் அதற்காக வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. கண்ணாடி வெட்டும் கடையில் பில் எழுதச் சேர்ந்தபோது, எழுத்துக்காரர் வராத ஒரு நாளில், நீ எழுதுவாயா என்று முதலாளி சும்மா கேட்டு வைத்தார். அவள் தூரிகையை இடதுகையில் வாங்கி, பக்கத்து மருந்துக்கடையின் பெயரைத் திருப்பி எழுதிக் காட்டினாள். எந்தக் கைக்காக அடி வாங்கினாளோ, அதே கைதான் அன்றிலிருந்து சோறு போட்டது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் முதலில் பார்த்துக்கொண்டதே ஒரு கண்ணாடி வழியாகத்தான். புதுக் கட்டடம் ஒன்றின் வாசல் கதவில் அவள் உள்ளேயிருந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஸ்பானரும் கையுமாக வெளியே நின்றவர், எழுத்துகளுக்கு நடுவே தெரிந்த முகத்தைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். நேராக இருக்கிறது என்று அர்த்தம். அன்று பிடித்த வழக்கம், கல்யாணத்துக்கு அப்புறமும் விடவில்லை. எந்தக் கண்ணாடி முடிந்தாலும் முன்பக்கம் போய் நின்று பார்த்து விரலை உயர்த்துவது அவர் வேலை. தெருக்காரர்களுக்கு அவள் கண்ணாடியக்கா, அவர் லிஃப்ட்காரர். சொந்தப் பெயர்கள் மின்சார பில்லில் மட்டும் இருந்தன.

அவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த முதல் வாரம் கொஞ்சம் அமளியாகத்தான் போயிற்று. முப்பது வருஷம் ஆளில்லாத வீட்டில் வேலை செய்து பழகியவள் அவள். அவரோ அவளுடைய தூரிகைகளை உயர வாரியாக அடுக்கி வைத்தார். கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அவள் கண் டாக்டரின் கண்ணாடியில் எழுதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, குளியலறைக் குழாய் ஏன் சொட்டுகிறது என்று விளக்கினார். கை வழுக்கியது. அவளும் சுள்ளென்று ஏதோ சொன்னாள். அரை மணியில் மறந்தும் போனாள்.

அதன்பின் மனுஷன் அடங்கிப்போனார். காலையில் எழுந்து, முன் அறை மூலையில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கேட்டால் "ம்" வரும். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் "ஆமா" வரும். ஒரு மாதம், இரண்டு மாதம், எட்டு மாதம் ஆயிற்று. பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்து போகும் நாத்தனார் கவலையில் கையைப் பிசைந்தாள்.

"என் தம்பி சின்ன வயசுல தூக்கத்துல கூட பேசுவான். இப்படி வாயில்லாப் பூச்சியா உக்காந்து நான் பார்த்ததே இல்ல" என்றாள்.

"வேலை போனதும் சில பேரு இப்படித்தான் ஆயிடுவாங்களாம், அண்ணி" என்றாள் கண்ணாடியக்கா. அவள் எழுதிக் கொடுத்த வாசல்களில் ஒன்றில், ஓய்வு பெற்றுப் பத்தே மாதத்தில் போய்ச் சேர்ந்த ஒருவரின் பெயரை அவளே பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறாள். சும்மா உட்கார்ந்து உட்கார்ந்தே கரைந்துபோனார் என்றார்கள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அவள் திரும்பி நாற்காலியைப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் மத்தியானம் லிஃப்ட்காரர் வெளியே போய், ஒரு கோணிப்பையோடு திரும்பினார். பைக்குள் ஒரு பெரிய சர்க்யூட் போர்டு, சிவப்பு உருண்டை வைத்த ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பொத்தான்கள், ஒரு கற்றை ஒயர்.

"என்னங்க இது?"

"நத்தை" என்றார்.

அவர் லிஃப்ட் பார்த்துவந்த கட்டடங்களில் ஒன்றின் கீழ்த்தளத்தில் வீடியோ கேம் கடை ஒன்று இருந்ததாம். அங்கே ஒரு ஆட்டம். குடை பிடித்த நத்தை ஒன்று, மேலிருந்து கொட்டும் மழையையும் பூந்தொட்டிகளையும் தடுத்துக்கொண்டே பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் சுவரில் ஏறும். அதைப் பதினெட்டு வருஷமாக அவர் சாப்பாட்டு நேரத்தில் ஆடியிருக்கிறார். இப்போது கடையை மூடுகிறார்கள். ஆட்டம் இருந்த பெட்டி மக்கிப் போய்விட்டது. உள்ளே இருந்ததைக் கழற்றி, இது உமக்குத்தான் என்று கொடுத்துவிட்டார்கள். இவ்வளவையும் அக்கா ஒவ்வொரு சொல்லாகக் கறந்துதான் தெரிந்துகொண்டாள்.

"பதினெட்டு வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"பத்து நிமிஷம்தான் ஆடுவேன்."

"எத்தனாவது மாடி வரைக்கும் ஏத்துவீங்க?"

"ஒன்பது."

"லிஃப்ட்காரர் ஒன்பதாவது மாடிக்கு மேல போக முடியலன்னா வெளிய சொல்லாதீங்க, மானம் போயிடும்" என்றாள். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. பிறகு, எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவராகவே ஒன்று கேட்டார்.

"பெட்டி நான் செய்யறேன். வெளியில நீ வரைஞ்சு தருவியா?"

ஒப்புக்கொள்ள அவள் மூச்சு விடக்கூட நேரம் எடுக்கவில்லை. இந்தப் பெட்டி முடிந்தால் மனுஷன் மீண்டு வந்துவிடுவார் என்று அந்த நிமிஷமே நம்ப ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடிப் பாளங்களையெல்லாம் படுக்கையறைக்கு மாற்றி, முன் அறையில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

லிஃப்ட்காரர் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, பெட்டியின் பக்கவாட்டு வடிவத்தை வரைந்தார். தலைப்பக்கம் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், திரை இருக்கும் இடம் உள்வாங்கும், கை வைக்கும் இடம் வயிற்றுயரத்தில் மறுபடி முன்னால் வரும். இரண்டு பிளைவுட் பலகைகளை ஒன்றாகக் கவ்வ வைத்து ஒரே வெட்டாக அறுத்தார், இரண்டும் மயிரிழை பிசகாமல் இருக்க வேண்டும் என்று. கை வைக்கும் பலகையின் சரிவுக்காக மட்டும் மூன்று நாள் மெனக்கெட்டார். ஆணித்துளைகளுக்கும் இடுக்குகளுக்கும் பட்டி பார்த்து, தேய்த்து, இரண்டு கோட் வெள்ளை பிரைமர் அடித்தார். உள்ளே ஒரு பழைய டிவியைப் பொருத்தினார். முன் அறை முழுக்க மரத்தூள். துடைத்துத் துடைத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது என்ன, அலமாரியா, டெலிபோன் பூத்தா?"

"விளையாட்டுப் பெட்டி, அண்ணி."

"அறுபது வயசுல விளையாட்டா?" என்று மோவாயில் கை வைத்தவள், தம்பி திருப்புளியோடு குனிந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று சொல்லிப் போனாள்.

பெட்டியின் தலையில், ட்யூப்லைட்டுக்கு முன்னால் நிற்கும் கண்ணாடியை அக்கா அரை நாளில் முடித்தாள். அது அவள் ராஜ்ஜியம். குடையும் நத்தையும் பெயரும் எழுதி, பின்னணியைப் பூசி, காய்ந்ததும் மாட்டி விளக்கைப் போட்டார்கள். அவர் முன்னால் போய் நின்று கட்டை விரலை உயர்த்தினார்.

மரம்தான் அவளைப் படுத்தியது. மரத்தில் பார்க்கிற பக்கமும் வரைகிற பக்கமும் ஒன்றே. முதலில் பின்னணியைப் பூச வேண்டும், அதன்மேல் கட்டடம், அதன்மேல் ஜன்னல், மினுமினுப்பு கடைசியில். குளிக்கிறதுக்கு முந்தித் தலை வாரிக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு அடியிலும் தன்னைத்தானே எச்சரித்துக்கொண்டு, இடப்பக்கத்தை ஒரு வழியாக முடித்தாள். ஆகாய நீலத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம், சுவரில் நத்தை, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு ஆள். ஆறாவது மாடியில் போர்வையை உதறுகிறவள் நாத்தனாரேதான். எட்டாவது மாடியில் போனும் காதுமாக இருந்தது வெளியூரில் வேலை பார்க்கும் மகள்.

வலப்பக்கம் தொடங்கும்போது நீலம் தீர்ந்துவிட்டது. அதே நிறத்தில் டப்பா வர மூன்று நாள் ஆகும் என்று கடையில் சொன்னார்கள். சும்மா இருக்கப் பிடிக்காமல், வெள்ளைப் பிரைமர்மேலேயே அதே கட்டடத்தையும் நத்தையையும் ஆட்களையும் வரைந்துவிடலாம், நீலம் வந்ததும் சின்னத் தூரிகையால் ஓரங்களைச் சுற்றி நிரப்பிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். கண்ணாடி வேலையின் பழக்கத்தில் எனாமல் பெயிண்ட்டைக் கெட்டியாகவே வைத்தாள். தடவிப் பார்த்தால் ஜன்னல் ஓரங்கள் கையில் தட்டுப்படும்.

அந்த நாட்களில்தான் அதிசயம் நடந்தது. லிஃப்ட்காரர் பெட்டியின் பின்பக்கக் கதவைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்து ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள்ளிருந்து திடீரென்று குரல் வந்தது.

"இந்த மஞ்ச ஒயர் இருக்கே, இதே மாதிரி ஒண்ணாலதான் ஒரு தடவை பெரிய கூத்து நடந்தது."

வலப்பக்கம் நின்றிருந்த அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குரல் குடத்துக்குள் பேசுவதுபோல முழங்கியது. அவர் கூத்தைச் சொல்லி முடித்தார், இன்னொன்றை எடுத்தார். அவள் "ம்" கொட்டினாள், திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்று பயம். கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடிக்கு மேல் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையின் ஜன்னலில் யாரைப் போடுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தாள். அன்று சாயங்காலம் அதையும் வரைந்து முடித்தாள்.

"வலப்பக்கம் பார்க்கலாமா?" என்று வெளியே வந்தவர் கேட்டார்.

"முடியட்டும். முழுசா பாருங்க."

இரண்டு நாள் கழித்து நீலம் வந்தது. அவள் டப்பாவைத் திறந்து கலக்கிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் கதை ஆரம்பமாகிவிட்டது. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் வீடு மாற்றுகிற ஒரு ஆள், கையில் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு ஒரு மீன் தொட்டி. கீழே வையுங்கள் என்றால் வைக்க மாட்டேன் என்கிறார். அரை மணி ஆயிற்று. ஆளுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. தண்ணீர் இவர் சட்டையில் சிந்தியது. உள்ளே இருந்த ஒரே ஒரு மீன், இவரையே வெறித்துப் பார்த்தது.

அக்கா சிரித்துக்கொண்டே வேலை செய்தாள். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. மனசு நிறைந்து, கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது. எதிரே ஆட்கள் எல்லாம் வரைந்து முடித்துக் காய்ந்திருக்கிறார்கள், பின்னணி மட்டும் பாக்கி. இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்கு முப்பத்து மூன்று வருஷமாகத் தெரியும். கை அகலத் தூரிகையை எடுத்தது. நீலத்தில் தோய்த்தது. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே, சீராக, அழகாக, ஒரு இடம் விடாமல் பூசி முடித்தது. பிறகு அவள் எப்போதும்போலப் படத்தைப் பார்க்க மறுபக்கம் போகலாம் என்று திரும்பினாள்.

மறுபக்கம் இல்லை. அங்கே இருந்தது பெட்டியின் உள்பக்கம், அதற்குள் அவர் தலை.

"ஐயோ" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். கதை பாதியில் நின்றது. அவர் வெளியே வந்து பார்த்தார். பன்னிரண்டு மாடியும் அத்தனை ஆட்களும் நத்தையும் போய், பளபளவென்று ஒரு நீலப் பலகை நின்றது.

"துடைச்சுப் பார்க்கலாமா?" என்றார்.

"கூடாது. அடியில இருக்கறதும் இன்னும் இறுகல. டர்பென்டைன் வெச்சா நீலத்தோட நத்தையும் வந்துடும். பத்து நாள் காயட்டும், அப்புறம் பார்க்கலாம்." தூரிகையைக் கீழே வைத்தாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

அவர் பெட்டியின் பின்பக்கம் போனார். சால்ட்ரிங் கோலை அணைத்தார். ஒயர்களைச் சுருட்டி வைத்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாளும் உட்கார்ந்திருந்தார், அதற்கு மறுநாளும். "ம்", "ஆமா" இரண்டும் திரும்பி வந்தன. அக்கா நீலப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நொந்துகொண்டாள். ஒரு மனுஷன் எழுந்து வந்தார், அவரை நானே பிடித்து மறுபடி உட்கார வைத்துவிட்டேனே என்று மருகினாள். கொஞ்ச நாளில் அந்த வருத்தம் கோபமாகத் திரும்பியது. தப்பு பண்ணியது நான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது இவரா?

எட்டாம் நாள் பல் டாக்டர் வீட்டுக் கண்ணாடிக் கதவை எழுதிவிட்டு மத்தியானம் வீடு திரும்பினாள். அவர் அதே நாற்காலியில், அதே மாதிரி. அவள் பெயிண்ட் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு பயமா இருக்குங்க."

அவர் நிமிர்ந்தார்.

"படம் போனா போகட்டும், இன்னொண்ணு வரைஞ்சுக்கலாம். நீங்க இப்படியே பேசாம உக்காந்து உக்காந்து ஒரு நாள் இல்லாமலே போயிடுவீங்களோன்னு பயமா இருக்கு. இத்தனை மாசமா தினமும் பயந்துட்டு இருக்கேன். வேலை போனதுல இவ்வளவு வருத்தம்னா என்கிட்ட சொல்லக் கூடாதா?"

லிஃப்ட்காரர் திருதிருவென விழித்தார்.

"வேலை போனதுல எனக்கு என்ன வருத்தம்? முட்டி வலிதான் குறைஞ்சிருக்கு."

"அப்ப ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"நீதானே பேசக் கூடாதுன்ன?"

"நானா? எப்ப?"

"கண் டாக்டர் கண்ணாடி எழுதினப்ப. குழாயைப் பத்திச் சொன்னேன், உனக்குக் கை வழுக்கிடுச்சு. 'வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா, முப்பது வருஷமா நான் இங்க நிம்மதியா வேலை பார்த்தேன்'னு சொன்ன."

"அது அன்னிக்கு ஒரு கோவத்துல சொன்னதுங்க."

"அன்னிக்கு மட்டும்னு சொல்லலையே" என்றார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. "வீட்டுல வெளிச்சமான இடம் இது ஒண்ணுதான். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் வேலை பார்க்கற. சாயங்காலம் அசந்து போயிடற. நான்தானே புதுசா வந்தவன். பெட்டிக்குள்ள தலையை விட்டதும் எனக்கு மறந்து போச்சு, பேசிட்டேன். பாரு, என்ன ஆச்சுன்னு. உன் வேலை மொத்தமும் என்னாலதான் போச்சு."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். லிஃப்ட் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை தொங்கினால், தொங்கவிட்டவர் வந்து கழற்றும்வரை ஒரு பொத்தானை அழுத்த மாட்டார் இந்த மனுஷன். முப்பது வருஷ வேலையில் படிந்துபோன குணம். பலகை எழுதுவதே தொழிலாக இருக்கும் அவள், ஒரு பலகையை எழுதி மாட்டிவிட்டு, மாட்டியதையே மறந்து இத்தனை மாதம் பயந்திருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதையும் அடக்கவில்லை.

"உங்களால போகல. நீங்க பேசறது கேட்ட சந்தோஷத்துல போச்சு" என்றாள், மூக்கை முந்தானையில் துடைத்தபடி. "போனா போகுது போங்க."

அவர் எழுந்து போய் நீலப் பலகையை விரலால் தடவிப் பார்த்தார்.

"கெட்டியாத்தானே வரைஞ்சிருக்க?" என்று கேட்டார். "மேல இருக்கற நீலம் மெல்லிசு. பதமா தேய்ச்சா மேடான இடம் முதல்ல வெளிய வரும்."

பதினோராம் நாள் காலையில், ஒரு வாளித் தண்ணீரும் பொடிசான உப்புத்தாளுமாக அவர் வலப்பக்கம் உட்கார்ந்தார். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, வட்டம் வட்டமாக, கையின் கனத்தை மட்டும் வைத்துத் தேய்த்தார். நீலத் தண்ணீர் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஜன்னல் ஓரம் கோடாகத் தெரிந்தது. பிறகு போர்வை. பிறகு நத்தையின் முதுகு, ஓரிடத்தில் வெள்ளை பிரைமர் வரை தேய்ந்து, பள்ளங்களில் நீலம் தங்கி, மழையில் நனைந்த மாதிரியே இருந்தது. அக்கா நினைத்து வரைந்திருந்தால்கூட இப்படி வந்திருக்காது. அவள் பக்கத்தில் நின்று, எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னாள். நாலு நாள் தேய்த்தார். மாடி மாடியாக மேலே போய், நாலாம் நாள் மத்தியானம் முக்காலிமேல் ஏறி நின்று, மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்தார்.

"மோட்டார் ரூம்ல ஒரு ஆள் இருக்கானே" என்றார். இன்னும் இரண்டு சுற்று தேய்த்தார். வழுக்கைத் தலை தெரிந்தது, காக்கிச் சட்டை தெரிந்தது. "நானா?"

"நீங்கதான்."

"வாயை ஏன் இப்படி ஆன்னு திறந்து வெச்சிருக்கேன்?"

"பேசறீங்க" என்றாள்.

அவர் அந்தச் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முக்காலியிலிருந்து இறங்கி, இரண்டடி பின்னால் போய் நின்றார். கட்டை விரல் உயர்ந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க விட்டேன்?"

"மீன் தொட்டி. ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல."

மேஜைமேல் வக்கீலின் கண்ணாடி பாதி எழுத்தோடு காத்திருந்தது. அக்கா தூரிகையை எடுத்தாள், டர்பென்டைனில் கழுவினாள், துணியில் துடைத்து ஜாடியில் போட்டாள். ஸ்டூலை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"ம், சொல்லுங்க" என்றாள்.